பல் டாக்டரா, 'காஸ்மெட்டிக்' பல் டாக்டரா? போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீங்க!



இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே ஒரு விளம்பரம் வருது. 'ரெண்டே சிட்டிங்கில் சினிமா ஸ்டார் புன்னகை', 'கல்யாணத்துக்கு முன் ஸ்மைல் டிசைனிங்' என்று போட்டிருப்பார்கள். கீழே 'காஸ்மெட்டிக் டென்டிஸ்ட்' என்று இருக்கும். நம்ம தெருமுனையில் இருக்கிற பல் ஆஸ்பத்திரி போர்டில் அந்த வார்த்தை இருக்காது. அப்படியென்றால் அவர் வேறு படிப்பு, இவர் வேறு படிப்பா? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் படிப்பைப் பார்ப்போம். நம் நாட்டில் பல் மருத்துவராக வேண்டுமென்றால் பி.டி.எஸ். படிக்க வேண்டும். நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. அதன்பின் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் சிகிச்சை அளிக்க முடியும். இந்தப் பதிவு முறை 1948-ம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்திலிருந்தே இருக்கிறது. மேற்கொண்டு மூன்று ஆண்டு படித்தால் எம்.டி.எஸ். இதில் ஒன்பது பிரிவுகள் உண்டு. வேர் சிகிச்சை, ஈறு, செயற்கைப் பல், பல் சீரமைப்பு, தாடை அறுவை சிகிச்சை, குழந்தைகள் பல் மருத்துவம் என்று அந்தப் பட்டியல் போகும். அதில் 'காஸ்மெட்டிக்' என்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது.

அதனால் 'காஸ்மெட்டிக் டென்டிஸ்ட்' என்பது பட்டம் கிடையாது. அவர் எந்த மாதிரி வேலையை அதிகமாகச் செய்கிறார் என்பதைச் சொல்லும் பெயர். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பி.டி.எஸ். முடித்தவரும் அந்த வேலையில் நல்ல பயிற்சி பெற்றிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி நாற்காலியில் உட்காரக் கூடாது.

வேலையில் என்ன வித்தியாசம்? பொது பல் மருத்துவர் நோயைப் பார்க்கிறார். சொத்தையை அடைப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, ஈறில் ரத்தம் வருவதற்கு வைத்தியம், ரூட் கெனால், பல் எடுப்பது, பல் கட்டுவது எல்லாம் அவர் வேலை. அழகுக்கான சிகிச்சையில் பல்லின் நிறம், வடிவம், வரிசை, சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிகிறது என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். பல சமயம் ஒரே டாக்டர் ரெண்டையும் செய்வார். முன்பல்லில் சொத்தையை அடைக்கும்போது பல்லின் நிறத்திலேயே அடைத்தால், அது வைத்தியமும்தான், அழகும்தான்.

எதை முதலில் செய்ய வேண்டும் என்பது இங்கே ரொம்ப முக்கியம். ஈறு நோயும் சொத்தையும் இருக்கும் வாயில், அதைச் சரி செய்யாமல் மேலே வெள்ளையாக எதை ஒட்டினாலும் நிலைக்காது. உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் பரிசோதனையிலேயே ஈறைப் பார்க்காமல், எக்ஸ்ரே தேவையா என்றுகூட யோசிக்காமல், நேராக விலைப்பட்டியலை நீட்டினால் கொஞ்சம் நிதானிச்சுக்கோங்க.

சரி, அழகு சிகிச்சைகளில் என்னென்ன இருக்கு? எளிதானதிலிருந்து வரிசையாகச் சொல்றேன்.

முதலாவது, சுத்தம் செய்வது, அதாவது ஸ்கேலிங். டீ, காபி, வெற்றிலை, புகையிலைக் கறையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, ப்ளீச்சிங். பெராக்சைடு மருந்தால் பல்லின் நிறத்தை வெளுப்பாக்குவது. சில நாள் பல் கூசலாம். நிறம் நிரந்தரமாக இருக்காது. ஏற்கெனவே போட்ட கேப், அடைப்பு இதனால் வெளுக்காது.

மூன்றாவது, பாண்டிங். உடைந்த முனை, சின்ன இடைவெளி ஆகியவற்றைப் பல் நிறப் பசை வைத்துச் சரி செய்வது. பல்லைச் செதுக்க வேண்டியது மிகக் குறைவு.

நான்காவது, வெனீர். பல்லின் முன்பக்கத்தில் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டுவது. இதற்குப் பெரும்பாலும் எனாமலைச் செதுக்குவார்கள்.

ஐந்தாவது, கேப். பல்லைச் சுற்றிலும் செதுக்கி மூடுவது.

இந்த வரிசையில் கீழே போகப் போக, செய்ததைத் திரும்பப் பெற முடியாது. நகம் வெட்டினால் வளரும், முடி வெட்டினால் வளரும். எனாமல் வளராது.

ஒரு உதாரணம் சொல்றேன். 22 வயது பெண், பல் எல்லாம் ஆரோக்கியம், முன்பல் ரெண்டு மட்டும் கோணல். கல்யாணம் மூணு மாசத்தில். க்ளிப் போட்டால் ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகலாம். 'எதுக்குக் காத்திருக்கணும், எட்டுப் பல்லுக்கும் வெனீர் போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெனீர் ஆயுசுக்கும் வராது. பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டி வரலாம். அந்தப் பெண்ணுக்கு 60 வயதாவதற்குள் எத்தனை தடவை மாற்றணும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுப் பாருங்க. கோணல் பல்லுக்கு, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்த ஆர்த்தோடான்டிஸ்ட் ஒருவரிடம் கருத்துக் கேட்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

'அழகுக்காகப் போய் பல் டாக்டரைப் பார்ப்பதா' என்று கேலி செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அதைவிட அதிகமான நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது. அதைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் கறை பல் தேய்த்தால் போகாது. பல் தேய்க்காதவன் என்று பேர் வாங்கி, வாயைக் கையால் மூடிச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை ஆடம்பரம் இல்லை. லேசான கறை என்றால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுத்தாலோ, ப்ளீச் செய்தாலோ பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்து, போனை எடுத்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை:

• உங்கள் பதிவு எண் என்ன? எம்.டி.எஸ். என்றால் எந்தப் பிரிவு? (எண்ணை வைத்து தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.)
• என் பல்லை எவ்வளவு செதுக்குவீர்கள்? செதுக்காமல் வேறு வழி உண்டா?
• முடிவு எப்படி இருக்கும் என்று தற்காலிகமாக வாயில் வைத்துக் காட்ட முடியுமா?
• எத்தனை வருஷம் வரும்? உடைந்தால் யார் செலவு?
• மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா?

இதற்கெல்லாம் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். 'இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தினால், வீட்டுக்கு வந்து இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். அழகு நிலையத்தில், பதிவு பெறாதவர் கையால் ப்ளீச்சிங் செய்துகொள்ளவே வேண்டாம். அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி செய்யவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இதற்காகவே ரசீது, எக்ஸ்ரே, சிகிச்சைக்கு முன் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதிரி சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மேலே உள்ள ஐந்து கேள்விகளை இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.