டிவிடெண்டு கொடுப்பதன் காரணம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

கம்பெனிகள் தம் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு என்னும் லாபப் பங்கை ஏன் கொடுக்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். லாபம் வந்தால் கொடுக்கிறார்கள். இதில் ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் எண்ணலாம். ஆனால், ஈட்டிய லாபத்தைப் பங்கிட்டே தீரவேண்டுமென்று நம் தேசத்துச் சட்டம் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பின் ஏன் கொடுக்கின்றன?

கூட்டு வியாபாரத்தில் கூட்டாளி கடையிலேயே இருப்பான். பெட்டியையும் பேரேட்டையும் தன் கண்ணால் காண்பான். மனம் ஒவ்வாவிடில் கணக்குத் தீர்த்துப் பிரிவான். கம்பெனிப் பங்குதாரனுக்கு அது இயலாது. முதல் அவனுடையது; நிர்வாகமோ டைரெக்டர்கள் கையில். தன் பங்கைப் பிறருக்கு விற்கலாமேயன்றி, கம்பெனியிடம் முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே, தன் பணம் பயன் தருகிறது என்பதற்கு அவன் கைக்கு எட்டும் அத்தாட்சி டிவிடெண்டேயாம்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1602-ல் டச்சுக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனியை ஸ்தாபித்தனர். பங்குதாரர் பல ஆண்டுகள் காத்திருந்தும் ஒரு காசும் காணவில்லை. 1609-ல் ஐசக் லெ மேர் என்னும் வர்த்தகர் நிர்வாகத்தைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினார். மறு ஆண்டிலேயே முதல் டிவிடெண்டு கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் ரொக்கமாக அன்று; ஜாதிபத்திரியாகவும் மிளகாகவுமே! 1622-லும் பங்குதாரர்கள் கணக்குக் காட்டும்படி துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டு முறையிட்டனர். கையில் மிதமிஞ்சிய பணமுள்ள நிர்வாகிகள் அதனை வீண் முயற்சிகளில் இறைக்கக்கூடும். டிவிடெண்டு அதற்கோர் கடிவாளம். ஏட்டில் லாபத்தை மிகைப்படுத்தி எழுதலாம். இல்லாத ரொக்கத்தை ஆண்டுதோறும் வழங்க இயலாது.

எனினும், டிவிடெண்டு தராத கம்பெனியெல்லாம் தாழ்ந்ததென்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி 1986-ல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. முதல் டிவிடெண்டு கொடுத்தது 2003-லேதான். இடையில் லாபத்தைத் தொழிலிலேயே இட்டு வளர்ந்தது. மேலும் டிவிடெண்டு இனாமன்று. கம்பெனியின் பணம் அவ்வளவு குறைவதால், பங்கின் விலையும் ஏறக்குறைய அவ்வளவு இறங்குவது இயல்பு. ஆதலின், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்த ரூபாயைக் கொண்டு கம்பெனி அதிகம் சம்பாதிக்குமா, நாம் சம்பாதிப்போமா? கம்பெனிக்கு நல்ல வழி உண்டாயின் அங்கேயே இருக்கட்டும். இல்லையேல் உரியவனிடம் வரட்டும். லாபமின்றி முதலிலிருந்தே எடுத்துக் கொடுப்பதோ, விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதை ஒக்கும். டிவிடெண்டு லாபத்திலிருந்தே வரவேண்டுமென்பது சட்டத்தின் விதி.

கடைசியாக ஒரு வார்த்தை. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, அறிவித்த டிவிடெண்டை 30 நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும். கேட்பாரின்றித் தனிக் கணக்கில் 7 ஆண்டு கிடந்த தொகை, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குச் செல்லும். தொடர்ந்து 7 ஆண்டு வாங்காதிருந்தால் பங்குகளும் அவ்வழியே போகும். உரியவர் விண்ணப்பித்து மீட்கலாமெனினும், பங்கு இருப்பதையே அறியாத விதவையும் குழந்தைகளும் எங்ஙனம் விண்ணப்பிப்பர்? எனவே, பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் விவரத்தை வீட்டாருக்குத் தெரிவித்து, வாரிசின் பெயரையும் பதிந்து வைப்பீர்களாக.