பட்டையும் மேகலையும்

மணிக்கல்லுக்குப் பட்டை தீட்டும் பொழுதுபோக்கிற்கென, புக்கிட் மேரா இல்லத்தில் கணினி நிரல் ஒன்றை எழுதினோம். 2008இல் வெளிவந்த பைத்தான் 3, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இடந்தருகிறது. இட்டோம்.

குவார்ட்ஸ் எனும் படிகக்கல்லின் ஒளிவிலகல் எண் 1.54, மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 40.5 பாகை. அடிப்பட்டைகளின் சாய்வு அதனினும் குறைந்தால், மேலிருந்து புகும் ஒளி கீழே கசிந்துவிடும். கல்லின் நடுப்பகுதி வெறுமையாகும். ஆகவே 43 பாகை கொடுத்தோம். திரையில் தோன்றியதோ எண்கோணத் தூண்!

தீட்டிய முகத்தையும், கல்லின் இடையைச் சுற்றிய விளிம்பையும் 'பட்டை' என்றே குறித்திருந்தோம். விளிம்பிற்குரிய 90 பாகை முன்னதை அழித்துவிட்டது. பலபொருள் ஒருசொல்லுக்குச் சூழலே பொருள் காட்டும் என்று பல்லாண்டு கற்பித்திருக்கிறோம், நிரலோ சூழலறியாதது. விளிம்பிற்கு 'மேகலை' எனப் பெயர் மாற்றினோம். தூண் கல்லாயிற்று.