கோடப்பமந்துக் கால்வாய் ஓரமாக

ஊட்டி என்றதும் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று நீங்களே வரிசையாகச் சொல்லிவிடுவீர்கள். அதெல்லாம் இருக்கட்டும். இன்றைக்குக் கோடப்பமந்துக் கால்வாய் ஓரமாகக் கொஞ்சம் நடப்போம். மூக்கைப் பொத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை!

கோடப்பமந்துச் சரிவில் பிறந்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே நழுவி, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் தாண்டி ஏரியில் விழுகிற சின்ன ஓடை. வெயில் நாளில் சாக்கடை என்றே கடந்துபோவார்கள். ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், ஆளே மாறிவிடும். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். சரிவில் மண்ணை வாரிக்கொண்டு இறங்குகிற தண்ணீர், சமதரைக்கு வந்ததும் போக இடமில்லாமல் ரோட்டில் ஏறிவிடுகிறது. ரயில் பாலத்தடியில் வண்டிகள் மாட்டிக்கொள்வது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன கதை.

ஏன் அங்கேயே தேங்குகிறது? 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி, இப்போது நீங்கள் பார்ப்பதைவிட ரொம்பப் பெரியது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானமும் அதன் பழைய நீர்ப்பரப்பில்தான் இருக்கின்றன. ஏரிக்குள் நின்றுகொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான்!

மார்க்கெட் வந்துவிட்டதே, இந்த வாசனையைத் தாண்டிப் போக எனக்குக் கால் வராது. வர்க்கி! மைதாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, புளிக்கவைத்து, மடித்து மடித்து, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். வெளியே முறுமுறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். டீயில் தோய்த்தால் சட்டென்று எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதி கிளாஸுக்குள்ளேயே தங்கிவிடும். சட்டையில் தூள் கொட்டாமல் தின்பவரை நான் நம்ப மாட்டேன். பொட்டலத்தைத் திறந்தே வைக்காதீர்கள், மலையின் ஈரக்காற்றில் நமுத்துவிடும். எங்கள் வீட்டில் அது வந்தால் திறந்து வைக்கிற அளவுக்கு மிஞ்சியதே கிடையாது, அது வேறு விஷயம்.

அடடா, நேரம் முடிகிறது, ஏரிக்கே போய்ச் சேரவில்லையே! சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரி நிரம்பினால் காமராஜ் சாகர் அணை, அப்புறம் மாயாறு, கடைசியில் பவானிசாகர். கோபி, சத்தி பக்கத்து நேயர்களே, உங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீரில் எங்கள் மார்க்கெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததும் கொஞ்சம் இருக்கும்!