தெரியாததைத் தெரியாது என்பதும் அறிவே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஊரில் நோய் பரவினால் நாம் முதலில் கேட்பது, "இது எங்கே போய் நிற்கும்?" என்பதுதான். "இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. "படிச்சவங்களுக்கே தெரியலைன்னா யாருக்குத்தான் தெரியும்?" என்கிறோம். அந்தக் கோபம் சரிதானா? நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மூளை பாதிக்கப்பட்டுச் சிலர் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அந்த நோய்க் கிருமி பன்றி உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருவது. சிலருடைய ரத்தப் பரிசோதனையும் அப்படியே காட்டியது. ஆகவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோயோ நிற்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு நெகிரி செம்பிலானுக்கும் போனது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் 11 பேருக்கு நோய் கண்டு, ஒருவர் இறந்தார்.

அப்போது சிலர் யோசித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தானே தாக்கும்? இங்கே விழுவது உழைக்கும் ஆண்களாக இருக்கிறார்களே! ஊசி போட்டவர்களுக்கும் வருகிறதே! கொசு எல்லாரையும் கடிக்கும். பன்றியைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? பன்றிகளும் இருமிச் சாகின்றனவே!

மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் ஒரு புதிய வைரஸ் கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. பத்து லட்சம் பன்றிகள் வரை அழிக்கப்பட்ட பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் மாண்டிருந்தார்கள். அத்தனை குடும்பங்களின் கண்ணீர் அது.

சரி, கிருமி தெரிந்துவிட்டதே, இனி எல்லாம் தெரியுமா? இல்லை ஐயா! பழந்தின்னி வௌவாலிடமிருந்து அது வந்தது என்பது பிறகுதான் தெளிவானது. இங்கே பன்றி வழியாக வந்த அதே கிருமி, வங்காள தேசத்தில் வௌவால் வாய் வைத்த ஈச்சங்கள் வழியாக வந்தது. 2001-இல் இந்தியாவின் சிலிகுரியில் நோயாளியிடமிருந்து மருத்துவமனை ஊழியருக்கே தொற்றியது. கிருமி ஒன்று; பாதை மூன்று.

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலையில் வானம் மூட்டமாக இருந்தால் பால் வெட்டலாமா வேண்டாமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம். மழை வந்துவிட்டால் முடிவை மாற்றுவோம். அதற்காக யாரும் நம்மை முட்டாள் என்று சொல்வதில்லை. விஞ்ஞானமும் அப்படித்தான். புதிய சான்று வந்தால் பேச்சை மாற்றிக்கொள்வது ஏமாற்று அல்ல, நேர்மை. மாற்ற மறுப்பதுதான் ஆபத்து.

ஆகையால் பெற்றோர்களே, நோய்க் காலத்தில் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அடித்துச் சொல்பவரை நம்பி ஓடாதீர்கள். இன்று தெரிந்த அளவுக்குக் காவலாக இருங்கள். நாளை வேறு சொன்னால் காரணம் கேட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, சரியான விடைக்கு இன்று பரிசு வாங்குகிறீர்கள், வாழ்த்துகள்! "இந்த விடை பொருந்தவில்லையே" என்று துணிந்து கேட்கவும் பழகுங்கள். அந்தக் கேள்வி ஒருநாள் உயிர்களைக் காக்கும்.