வக்கீலிடம் போகவேண்டிய நேரம் எது?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நெல் வயலில் ஒன்றிரண்டு புகையான் பூச்சி தெரிந்தவுடன் மருந்து தெளிக்கவேண்டாம், பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் தெளியுங்கள் என்று வேளாண் விஞ்ஞானிகள் உங்களுக்குச் சொல்லி வருகிறார்கள். வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தபின் தெளித்தும் பயனில்லை என்பது உங்களுக்கே தெரியும். சட்டச் சிக்கலும் இப்படித்தான். நம்மில் பலர் தாலுகா அலுவலகத்தில் ஒரு மனுவில் முடியும் காரியத்துக்கு வக்கீலைத் தேடி ஓடுகிறோம். வக்கீல் இல்லாமல் ஓரடி கூட வைக்கக்கூடாத காரியத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறோம். எது எந்த வகை என்று பிரித்துக் காட்டுவதே இந்த உரையின் நோக்கம்.

நீங்களே செய்துகொள்ளக்கூடியவை

பட்டாவில் பெயர்ப்பிழை, தந்தை பெயர் தவறு, பரப்பளவு தவறு ஆகியவற்றுக்கு முதலில் வட்டாட்சியரிடம் மனுச் செய்யவேண்டும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் புல எண்ணும் மாறிப் பதிவான நிலங்கள் இன்றும் பல ஊர்களில் உண்டு. இவற்றையும் மூல ஆவணங்களைக் காட்டி வருவாய்த்துறையிலேயே திருத்தக் கோரலாம். வட்டாட்சியர் ஆணையில் குறை இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு.

எல்லைக்கல் காணவில்லை என்றால் நில அளவைக்குக் கட்டணம் கட்டி மனுக் கொடுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கட்டும். அளந்து கல் நட்டபின்னும் அவர் ஏற்காவிட்டால் அப்போதுதான் அது வக்கீலிடம் போகவேண்டிய விவகாரமாகிறது.

விதை முளைக்கவில்லை, இரகம் மாறிவிட்டது என்றாலும் வக்கீல் கட்டாயமில்லை. உழவரும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் நீங்களே முறையிடலாம். விதைப்பை, அதில் தைத்த அட்டை, கடை இரசீது மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பயிர் வயலில் நிற்கும்போதே வேளாண்மை அலுவலரிடம் எழுத்துமூலம் தெரிவித்துப் பார்வையிடச் செய்யுங்கள். உழுதுவிட்டபின் சாட்சி இல்லை.

கையெழுத்துக்கு முன்

வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் அதிகப் பயன் தருவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் கொடுக்கும் ஆலோசனைக் கட்டணம்தான். நிலம் வாங்கும்போது பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பட்டா வருவாய்க் கணக்கு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் தெரியாமல் போகலாம். வழக்கில் இருக்கும் நிலத்தை வாங்கினால் அந்த வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

பெண் மக்களின் பங்கையும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தன. 2005இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட கிரயத்தை வாங்கிவிட்டு, பிறகு தங்கையின் பாகப்பிரிவினை வழக்கில் சிக்குபவர் பலர். மைனரின் தனிச் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பத்திரம் எழுதுபவர் நீங்கள் சொன்னதை எழுதுவார். மூலத்தை ஆராய்ந்து சொல்வது வக்கீலின் வேலை.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அவசரத்துக்குக் கைமாற்று வாங்கப் போகிறோம். கடன் கொடுப்பவர் பிராமிசரி நோட்டு வேண்டாம் என்கிறார். "ஈடாகத்தான், சும்மா ஒரு அக்ரிமெண்ட்" என்று நிலத்துக்குக் கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறார். நாம் வாங்கிய கடன் அந்தக் காகிதத்தில் நிலத்தின் முன்பணமாக மாறிவிடுகிறது. ஒப்பந்தத்தில் கண்ட தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அவர் "கிரயம் செய்து கொடு" என்று வழக்குப் போடலாம். முன்பெல்லாம் கிரயம் செய்துகொடுக்க உத்தரவிடாமல் பணத்தைத் திருப்பித்தரச் சொல்ல நீதிமன்றத்துக்குப் பரந்த விருப்புரிமை இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது பெரிதும் சுருங்கிவிட்டது. அது கடனுக்கு ஈடு மட்டுமே என்று வாதாடலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது. ஆகவே கடன் வாங்கினால் கடன் என்றே எழுதுங்கள். நிலத்தின் புல எண் வரும் எந்தக் காகிதமானாலும், அதைப் படிக்க ஒரு வக்கீலுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். வெற்றுத்தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தால்

சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. மறுத்தால் சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். வழக்கு உங்களை விட்டுவிட்டு நடந்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாக முடியும். மேலே சொன்ன ஒப்பந்த வழக்கில் அப்படித் தீர்ப்பானால், நீங்கள் கையெழுத்திடாமலே நீதிமன்றம் உங்கள் சார்பில் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் வழியுண்டு.

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யவேண்டும். நீதிமன்றம் காரணம் ஏற்றால் 90 நாட்கள் வரை நீட்டலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாட்கள். சம்மன் முறையாக வந்து சேராதவருக்குத் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து இந்த 30 நாள் கணக்கு. தீர்ப்பின்மீது மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாட்கள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்கள். ஆகவே காகிதம் வந்த தேதியை அதன் மேலேயே குறித்து, அந்த வாரத்துக்குள் வக்கீலைப் பாருங்கள். அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பும் நோட்டீசையும் பதிலின்றி விடவேண்டாம். பதில் தராத மௌனத்தைப் பின்னால் உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாமல் தடையுத்தரவு வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சினால், கேவியட் மனு ஒன்றை முன்கூட்டியே தாக்கல் செய்யலாம். அது 90 நாட்கள் செல்லும்.

அனுபவமும் பாதையும்

பக்கத்துக்காரர் ஒரு காலையில் உங்கள் நிலத்தில் ஏர் பூட்டி வேலி போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள் என்று காத்திருக்கிறீர்கள். பேசட்டும், நல்லதுதான். ஆனால் நாளை எண்ணிக்கொண்டே பேசுங்கள். சட்டப்படியல்லாமல் ஒரு தனியார் உங்களை வெளியேற்றினால், 6 மாதங்களுக்குள் வழக்கிட்டு, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் போகாமலே அனுபவத்தை மீட்கலாம். அந்த 6 மாதம் போனால் உரிமையை மெய்ப்பித்துத்தான் மீட்கவேண்டும். உரிமைக்கு எதிராக 12 ஆண்டுகள் ஒருவர் வெளிப்படையாக அனுபவித்துவிட்டால் எதிரிடை அனுபவம் என்று அவரே உரிமை கொண்டாடும் நிலை வரலாம்.

வண்டிப்பாதையும் வாய்க்காலும் இப்படியே. பிறர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாக, வெளிப்படையாகப் போய்வந்தால் வழியுரிமை உண்டாகும் என்கிறது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். ஆனால் அந்த 20 ஆண்டு, வழக்கிடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்கவேண்டும். பாதையை அடைத்தபின் 2 ஆண்டுகளுக்குமேல் சும்மா இருந்தால் நெடுங்கால வழக்கம் என்ற வாதம் பலவீனப்படும். அடைத்த அன்றே புகைப்படம் எடுத்து வையுங்கள். புலப்படத்தில் அந்தப் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வக்கீலைப் பாருங்கள்.

அரசு நிலம் எடுக்கும்போது

சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்க அறிவிப்பு வந்தால், அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்பதுதான் முதற்கேள்வி. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்கள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 60 நாட்கள். தமிழ்நாட்டில் மாநிலச் சட்டங்களும் உண்டு. இதை வக்கீல்தான் பார்த்துச் சொல்லவேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு குறைவென்று கருதினால், "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியே பணம் வாங்கவேண்டும். ஆட்சேபமின்றி வாங்கியவர் அதிகம் கேட்டு மனுச் செய்ய முடியாது. இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கும்போது நேரில் இருந்தவருக்கு அந்த மனுவுக்குக் காலம் 6 வாரமே. கிணறு, தென்னை, மா, பம்புசெட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுங்கள். அடங்கலில் பயிர்ப் பதிவு சரியாக இருந்தால் அது அன்று கைகொடுக்கும்.

காவல் நிலையம்

வரப்புத் தகராறு கைகலப்பானால் உடனே வக்கீல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும். கைது செய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். தமக்கு விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. ஆகவே நிலத்தை விட்டுக்கொடுப்பதாக அங்கே எழுதிக் கேட்டால், வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

எந்த வக்கீல்?

நில வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் போடவேண்டும். ஆகவே அந்த நீதிமன்றத்தில் நாள்தோறும் நடமாடும் வக்கீல் போதும். சென்னையிலிருந்து பெரிய வக்கீல் வரவேண்டியதில்லை. உங்கள் ஊர் நில வழக்குகளை நடத்தியவரா என்று விசாரியுங்கள். முதல் சந்திப்பிலேயே கட்டணம் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம் தனியா, எத்தனை தவணை என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கொடுத்த பணத்துக்கு இரசீது வாங்குங்கள். வழக்கு வென்றால் நிலத்தில் பங்கு என்று பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். "வெற்றி நிச்சயம்" என்பவரைவிட, உங்கள் கட்சியில் உள்ள ஓட்டையைச் சொல்பவரை நம்புங்கள்.

மூலப் பத்திரத்தைத் தேவை வரும்போது மட்டும் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். மனம் ஒப்பாவிட்டால் வக்கீலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. உங்கள் கட்சியை மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியரிடம் மறைத்த நோயும் வக்கீலிடம் மறைத்த உண்மையும் ஒன்றுதான்.

பணமில்லை என்பதால் நிற்கவேண்டாம்

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் வறட்சியால் பாதிக்கப்பட்டோர், குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பும் இல்லை. உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். சமாதானம் ஆகக்கூடிய வழக்கென்றால் மக்கள் நீதிமன்றத்தை நாடுங்கள். அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை. மேல்முறையீடு இல்லாததால், ஒப்புக்கொள்ளும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கணக்கில் பிழை என்றால் அலுவலகத்துக்குப் போங்கள். நிலத்தின்மேல் கையெழுத்து, தேதி போட்ட காகிதம், கைவிட்டுப்போகும் அனுபவம், காவல் நிலையம் இந்த நான்கில் எது வந்தாலும் வக்கீலிடம் போங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, தீர்வை இரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதை மனைவி மக்களுக்கும் காட்டிவையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.