எல்லை பிரித்தாலும் விவசாயி ஒருவரே
(குப்பம் மாங்காய் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே! குப்பத்திலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு ஓர் இரவுப் பயணமே. ஆயினும் நம் மாம்பழம் அமெரிக்கா செல்லக் கதிர்வீச்சுப் பதப்படுத்தலும், ஜப்பான் செல்ல நீராவிச் சூடேற்றலும் கட்டாயம். எனவே ஏற்றுமதி வழியைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல; பதப்படுத்தும் நிலையமும் குளிர்பதனக் கிடங்கும் யார் கையில் உள்ளன என்பதே.

அவை நம் கையில் இல்லாததால், சித்தூரின் தோத்தாபுரி பெரும்பாலும் கூழாகவே கப்பலேறுகிறது. விலையை ஆலை வாசல் நிர்ணயிக்கிறது. 2025இல் விலை சரிந்தபோது, ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் எனக் கிலோவுக்கு 12 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கூடவே வெளிமாநிலத் தோத்தாபுரிக்குத் தடையும் வந்தது.

கிருஷ்ணகிரி, கோலார் விவசாயி நம் எதிரியல்லர். கூட்டுறவுப் பதப்படுத்தும் நிலையங்கள், கட்டுப்படியாகும் ஆதார விலை ஆகியவற்றுக்காக மூன்று மாநில விவசாயிகளும் ஒன்றுபட்டுப் போராடுவோம்!