ஆக்ராவுக்கு உண்டு, மதுரைக்குக் கிடையாதா?

(சின்னாளப்பட்டி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திண்டுக்கல்லில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலையில எழும்பூர்ல இறங்கினவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. முன்னாடி சேலை மூட்டையோட வெளியே வந்ததும் ஆட்டோவுக்குப் பேரம் பேசணும். 2018 மே மாதம் அங்கே பூமிக்கு அடியில் மெட்ரோ நிலையம் திறந்தாங்க. இப்ப லிஃப்டுல கீழே போனா குளிர்சாதன ரயில். யாரும் தண்டவாளத்துல விழாதபடி பிளாட்பார ஓரத்துல கதவு. ரயில் வந்து நின்ன பிறகுதான் திறக்கும். மேலே ரோட்டில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் கீழே ஓடுற ரயிலுக்குத் தடை இல்லை.

இதைத்தான் மதுரைக்கும் தமிழ்நாடு கேட்டது. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீதிகளில் தூண் நட்டுப் பாலம் கட்ட முடியுமா? அதனால நகரின் நடுப்பகுதியில் சுரங்கப்பாதை, மற்ற இடங்களில் உயர்மட்டப் பாதை என்று திட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

என்ன காரணம்? 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேணுமாம். அதுக்கு எடுத்துக்கிட்ட கணக்கு 2011-ல் எடுத்தது!

சரி, ஆக்ராவைப் பாருங்க. அதே 2011 கணக்கில் சுற்றுப்பகுதியைச் சேர்த்தாலும் ஆக்ரா 20 லட்சத்தைத் தொடவில்லை. ஆனாலும் 2024 மார்ச்சில் அங்கே மெட்ரோ ஓட ஆரம்பிச்சாச்சு. தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, மன்காமேஷ்வர் கோயில் மூன்று இடத்திலும் சுரங்க நிலையம். ஆக்ரா மக்களுக்குக் கிடைச்சதில் நமக்குப் பொறாமை இல்லை, சந்தோஷம்தான். தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் ரயில் விட மனசு இருக்கு. மீனாட்சி கோயில் பக்கம் மட்டும் ஏன் இல்லை?

பயணிகள் எண்ணிக்கை போதாதுன்னும் சொல்றாங்க. சின்னாளப்பட்டிக்காரங்களுக்கு மதுரை என்ன வெளியூரா? உடம்புக்கு முடியலைன்னா ராஜாஜி ஆஸ்பத்திரி. வழக்குன்னா ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளை. சேலை விற்கவும் மதுரைதான். மதுரையின் மக்கள்தொகைக் கணக்கில் நாம வர மாட்டோம். ஆனா மதுரையின் நெரிசலில் நாமளும்தான் நிற்கிறோம்!

குடியிருப்பவரை மட்டும் எண்ணாதீர்கள், வந்து போகிறவரையும் எண்ணுங்கள். பழைய கணக்கை வைத்து எங்கள் பிள்ளைகளின் பாதையை அடைக்காதீர்கள். இதுதான் நம் கோரிக்கை. வீட்டிலும் தறிக்கூடத்திலும் டீக்கடையிலும் இதைப் பேசுங்க. கேட்கிற குரல் கூடினால்தான் திரும்பி வந்த திட்டம் மறுபடி டெல்லிக்குப் போகும்.



#மதுரைக்கு_மெட்ரோ